பஞ்சகனியின் பியானோ: ஃபிரெடி மெர்க்குரியின் இசைவாழ்வு குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் நிலைப்பாடு

'குயின்' ராக் குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்க்குரியைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி அவர் குரலையும் மேடைக் கோலத்தையும் சுற்றியே நிற்கிறது. வெம்ப்ளி அரங்கில் கையை உயர்த்தி நிற்கும் படம்தான் எல்லார் மனத்திலும் பதிந்திருக்கிறது. அந்தக் குரலின் அருமையை இக்கட்டுரை மறுக்கவில்லை. ஆனால் அவர் பாடல்கள் பிறந்தது தொண்டையில் அல்ல, விரல்களில். அவர் பியானோவில் யோசித்த இசையமைப்பாளர். அந்த யோசனைக்கு அடித்தளம் இடப்பட்டது லண்டனில் அல்ல, மகாராஷ்டிர மலையூரான பஞ்சகனியின் பள்ளி விடுதியில். அவர் இந்திய ஆண்டுகளை முன்னுரைபோல இரண்டு பத்தியில் கடந்துபோகும் வரலாறுகள், பட்டறையைப் பார்க்காமல் பண்டத்தை மட்டும் எடைபோடுகின்றன. இதை நிறுவுவதே என் நோக்கம்.

குன்னத்துகால், பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று நீளும் தமிழக-கேரள எல்லையூர்களிலிருந்து இந்தப் பொருளை அணுகுவதில் ஓர் அனுகூலம் உண்டு. 1806-இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடியில் தொடங்கிவைத்த லண்டன் மிஷன் பணி, பின்னர் பாறசாலை வரை பரவித் தென் திருவிதாங்கூர் முழுவதும் பள்ளிகளையும் சபைகளையும் விட்டுச் சென்றது. அவற்றோடு நான்கு குரலில் பாடும் பழக்கமும் வந்தது. சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் என்று பிரிந்து நிற்கும் பாடகர் குழுவுக்குள் ஒருமுறையேனும் நின்றவருக்கு, ஒரு மெட்டு மற்ற மூன்று குரல்களோடு எப்படிப் பின்னப்படுகிறது என்பதை விளக்க வேண்டியதில்லை. மெர்க்குரியின் கலையில் மையமான செய்தியும் அதுவே. ராக் இசையே கேட்டறியாத ஞாயிற்றுக்கிழமைப் பாடகர்கூட அவர் பாடலின் உள்கட்டைப் பிடித்துவிட முடியும்.

2. சான்சிபாரும் பஞ்சகனியும் (1946–1963)

2.1 குடும்பம்

1946 செப்டம்பர் 5 அன்று, அப்போது பிரிட்டிஷ் பாதுகாப்பிலிருந்த சான்சிபார் தீவின் ஸ்டோன் டவுனில், பிற்காலத்தில் ஃபிரெடி மெர்க்குரி ஆன ஃபரோக் புல்சாரா பிறந்தார். பெற்றோர் போமி, ஜெர். குஜராத்திலிருந்து போன பார்சிகள். தந்தை காலனி அரசின் அலுவலகத்தில் காசாளர். பார்சிகளுக்கும் மேற்கத்திய இசைக்கும் இருந்த உறவு தற்செயலானதல்ல. பம்பாயில் 1935-இல் சிம்பொனி இசைக்குழுவை உருவாக்கிய மெஹ்லி மேத்தா பார்சி. அடுத்த ஆண்டு பிறந்த அவர் மகன் சுபின் மேத்தா உலகின் பெரிய இசைக்குழுக்களை நடத்தினார். அந்தச் சமூகத்துக் குழந்தை பியானோ பழகுவது ஊரார் வியக்கும் செயலாக இருக்கவில்லை.

2.2 விடுதிப் பள்ளி

எட்டு வயதில் ஃபரோக் கப்பலேற்றப்பட்டு, பஞ்சகனியில் ஆங்கிலிக்கன் மரபில் நடந்த புனித பீட்டர் பள்ளியில் சேர்க்கப்பட்டார். விடுமுறைகளில் பெரும்பாலும் பம்பாயில் பாட்டி, அத்தை வீட்டில் தங்கினார். பள்ளியில்தான் 'ஃபிரெடி' என்ற அழைப்பு ஒட்டிக்கொண்டது. அங்கேதான் முறையான பியானோப் பாடமும் அமைந்தது. செய்முறையிலும் இசையியலிலும் நான்காம் நிலைத் தேர்வு வரை தேறினார்.

இந்த நிலைத் தேர்வு முறை தமிழ் வாசகருக்கு அந்நியமானதல்ல. லண்டனிலிருந்து வகுத்தனுப்பப்படும் பாடத்திட்டம், ஸ்கேல், நோட்டைப் பார்த்து வாசித்தல், காதுப் பயிற்சி என்ற அதே ஒழுங்கில்தான் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் ஒரு தலைமுறையே பயின்றது. இளையராஜா அவர் மாணவர், டிரினிட்டி கல்லூரியின் கிட்டார் தேர்வில் தங்கப்பதக்கம் பெற்றவர். ரகுமானும் சிறுவயதில் தன்ராஜிடம் கற்றவரே. நான்காம் நிலை என்பது பெரிய வித்தை இல்லை. எட்டு நிலைகளில் பாதிவழி. ஆனால் அந்தப் பாதிவழிக்குள் ஒரு மாணவன் பெறுவது முக்கியமானது: இடக்கை பாஸையும் வலக்கை மெட்டையும் தனித்தனியாக நடத்தக் கற்கிறான், கார்டுகளின் உறவை எழுத்தில் பார்க்கிறான், எந்தச் சுருதியிலும் கைவைக்கும் துணிவைப் பெறுகிறான். மெர்க்குரி கச்சேரிப் பியானோக் கலைஞர் ஆகவே இல்லை. பிற்காலத்தில் நோட்டு வாசிப்பும் அவருக்கு மங்கிவிட்டது. இந்த மூன்று பழக்கங்கள் மட்டும் கடைசிவரை விடவில்லை.

2.3 ஹெக்டிக்ஸ்

1958-இல், பன்னிரண்டு வயதில், பள்ளித் தோழர்களோடு 'ஹெக்டிக்ஸ்' என்ற குழுவைத் தொடங்கினார். கிளிஃப் ரிச்சர்டு, லிட்டில் ரிச்சர்டு பாடல்களைப் பள்ளி விழாக்களில் வாசித்தார்கள். முன்னணிப் பாடகர் புரூஸ் மரே. ஃபரோக் பியானோக்காரர். உலகம் பாடகர் என்று கொண்டாடியவர் முதல் குழுவில் பின்னால் அமர்ந்து கார்டு போட்டவர் என்பதை நான் சாதாரணச் செய்தியாகக் கருதவில்லை. குழுவின் இசையை உட்கார்ந்த இடத்திலிருந்து கேட்டு, யார் எங்கே நுழைய வேண்டும் என்று தீர்மானிக்கும் பார்வை அங்கேதான் அவருக்கு வாய்த்தது.

அவர்கள் பின்பற்றிய கிளிஃப் ரிச்சர்டே 1940-இல் லக்னோவில் பிறந்தவர். எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் என்று புகழ்பெற்ற ஆர்னால்டு டோர்சி 1936-இல் பிறந்தது நம் மதராஸில். ஆங்கில வெகுஜன இசையின் வரலாற்றை இங்கிலாந்துக்குள் மட்டும் வைத்து எழுத முடியாது என்பதற்கு மெர்க்குரி தனிச்சான்று அல்ல.

3. லண்டன் (1964–1973)

பள்ளியை விட்டுச் சான்சிபார் திரும்பிய கொஞ்ச காலத்திலேயே 1964 ஜனவரி 12 அன்று அங்கே புரட்சி வெடித்தது. அராபியரும் இந்தியரும் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள், ஓடினார்கள். புல்சாரா குடும்பம் அந்த ஆண்டு லண்டனின் மேற்கு விளிம்பிலுள்ள ஃபெல்தமில் வந்து இறங்கியது. அடைக்கலம் தேடி வந்த குடும்பத்தின் பதினேழு வயதுப் பையனாகத்தான் அவர் இங்கிலாந்துக்குள் நுழைந்தார்.

ஐசில்வொர்த் பாலிடெக்னிக், பிறகு ஈலிங் கலைக் கல்லூரியில் வரைகலை, 1969-இல் பட்டயம். ஹீத்ரோ விமான நிலையத்தில் பெட்டி தூக்கினார். கென்சிங்டன் சந்தையில் ராஜர் டெய்லரோடு சேர்ந்து பழைய துணிமணி விற்றார். ஐபெக்ஸ், சவர் மில்க் சீ ஆகிய குழுக்களில் பாடினார், இரண்டும் நிலைக்கவில்லை. 1970-இல் 'ஸ்மைல்' குழுவின் பிரையன் மேயும் டெய்லரும் இவரோடு இணைய, 'குயின்' பிறந்தது. மறு ஆண்டு ஜான் டீக்கன் பாஸ் கிட்டாரோடு வந்து சேர்ந்தார். மெர்க்குரி என்ற பெயரை அவர் சூடிக்கொண்டதும், நால்வரின் ராசிச் சின்னங்களையும் வைத்துக் குழுவுக்கு இலச்சினை வரைந்ததும் இக்காலத்தில்தான்.

முதல் ஆல்பம் 1973 ஜூலையில் வந்தது. பெரிய கவனம் கிடைக்கவில்லை. அதன் கடைசியில் சிறு துணுக்காக மட்டும் வைக்கப்பட்ட 'செவன் சீஸ் ஆஃப் ரை' மறு ஆண்டு முழுப்பாடலாக வெளிவந்து பிரிட்டனில் பத்தாம் இடம் பிடித்தது. அந்தப் பாடலைத் திறப்பது வேகமாக உருளும் பியானோ வரிசை. அவர் கை பொதுமக்கள் காதில் விழுந்த முதல் தருணம் என்று இதையே குறிக்கலாம்.

4. விசைப்பலகையில் கட்டிய பாடல்கள்

4.1 ஒரு கணக்கு

1981-இல் வந்த 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' தொகுப்பு பிரிட்டனில் இதுவரை மிக அதிகமாக விற்ற ஆல்பம். அதன் பிரிட்டிஷ் பதிப்பில் பதினேழு பாடல்கள். எழுதியவர் பெயரைப் பார்த்துப் பிரித்தால் பத்து மெர்க்குரியுடையவை, ஐந்து மேயுடையவை, இரண்டு டீக்கனுடையவை. அந்தப் பத்தில் 'கிரேஸி லிட்டில் திங் கால்டு லவ்' ஒன்றுதான் கிட்டாரில் பிறந்தது. மூனிக் ஓட்டல் ஒன்றில் குளியல் தொட்டியில் கிடந்தபடி யோசித்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அது வேகமாக முடிந்ததற்கு, தனக்குக் கிட்டாரில் சில கார்டுகளே தெரியும் என்பதையே காரணமாகச் சொன்னார். மீதி ஒன்பதிலும் பியானோ ஒலிக்கிறது. பெரும்பாலானவற்றில் அதுவே பாடலை நடத்துகிறது.

4.2 சுருதித் தேர்வு

கிட்டாரில் பாடல் எழுதுபவர்கள் இயல்பாக ஈ, ஏ, டி, ஜி என்ற சுருதிகளை நாடுவார்கள். விரல் அழுத்தாத கம்பிகளும் சேர்ந்து அங்கே நன்றாக ஒலிக்கும். ஈ ஃபிளாட், பி ஃபிளாட், ஏ ஃபிளாட் என்றால் கிட்டார்காரர் விரல் முழுவதையும் பட்டையாக அழுத்தியாக வேண்டும். பியானோக்காரருக்கு இந்தச் சங்கடம் இல்லை. கறுப்புக் கட்டைகளின் மேல் விரல் தானாக அமர்கிறது. மெர்க்குரியின் பாடல்களைப் பாருங்கள். 'சம்படி டு லவ்' ஏ ஃபிளாட் மேஜர். 'போஹீமியன் ராப்சடி' பி ஃபிளாட்டில் நடந்து ஈ ஃபிளாட்டுக்கு நகர்கிறது. 'வி ஆர் த சாம்பியன்ஸ்' சி மைனரில் தொடங்கி எஃப் மேஜரில் விரிகிறது. 'டோண்ட் ஸ்டாப் மி நவ்' எஃப் மேஜர். கனமான கிட்டார் இசைக்குப் பேர்போன ஒரு ராக் குழு இத்தனை ஃபிளாட் சுருதிகளில் வேலை செய்தது அரிது. பிரையன் மே இந்தச் சுருதிகளைத் தமக்குப் பழக்கமற்ற வழிகளில் கையாளவேண்டி வந்தது. அவர் கிட்டார் பகுதிகள் வழக்கமான ராக் தேய்வழக்குகளிலிருந்து தப்பியதற்கு இது ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

சுருதி மட்டுமல்ல. அவர் கார்டுகள் அடிக்கடி மாறுகின்றன, பாஸ் சுரம் படிப்படியாக இறங்குகிறது அல்லது ஏறுகிறது. 'கில்லர் குயின்' முழுவதும் இடக்கையின் நடை பாடலை ஓட்டிச் செல்கிறது. 1974-இல் பிரிட்டனில் இரண்டாம் இடம் பிடித்து, இசையமைப்புக்கான ஐவர் நோவெல்லோ விருதை அவருக்கு வாங்கித் தந்தது அந்தப் பாடல். விருதுக்குழு கேட்டது எழுத்து வேலையை, மேடைக்காரரை அல்ல.

4.3 போஹீமியன் ராப்சடி

1975 ஆகஸ்டில் வேல்ஸ் நாட்டு மான்மத்துக்கு அருகிலுள்ள ராக்ஃபீல்டு ஒலிப்பதிவுக் கூடத்தில் இந்தப் பாடலின் வேலை தொடங்கியது. தயாரிப்பாளர் ராய் தாமஸ் பேக்கர். முதலில் பதிந்தது பியானோ, பாஸ், டிரம். பியானோவில் மெர்க்குரி, மற்றவர்களுக்குப் பாடலின் முழு வடிவம் இன்னும் பிடிபடாத நிலையில், இடையில் ஓபரா பகுதி வரும் என்று சொல்லி இடம் விட்டு வாசித்துக்கொண்டே போனார். பாடல் முழுவதும் அப்போதே அவர் கைக்குள் இருந்தது.

துணைக்குரல்களோடு திறந்து, பியானோப் பகுதியில் பாடல் நிலைகொள்கிறது. அங்கே இடக்கை வலக்கையைத் தாண்டிப் போய் மேலே ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. மாணவர் பாடப்புத்தகங்களில் வரும் கைமாற்று உத்திதான் அது. மலைப்பள்ளியில் பழகிய கையை உலகத்தின் மிகப் புகழ்பெற்ற ராக் பாடலொன்றில் அடையாளம் காண்கிறோம். பின் கிட்டார் தனியிசை, ஓபரா, கனமான ராக், மீண்டும் பியானோவின் தணிவு. திரும்பத் திரும்ப வரும் பல்லவி என்று எதுவும் இல்லை. தமிழ்த் திரைப்பாடலின் பல்லவி, அனுபல்லவி, சரண ஒழுங்கில் வளர்ந்த காதுக்கு இது எத்தனை விலகலோ, மூன்று நிமிட ஆங்கிலப் பாப் பாடலில் வளர்ந்த காதுக்கும் அத்தனை விலகல்தான்.

ஓபரா பகுதிக்கு மெர்க்குரி, மே, டெய்லர் மூவர் மட்டுமே பாடினார்கள். மேல் சுரங்கள் டெய்லருக்கு, கீழ்ப்பகுதி மேயுக்கு, நடு மெர்க்குரிக்கு. இருபத்துநான்கு தடங்கள் கொண்ட நாடாவில் பாடிப்பாடி நிரப்பி, நிரம்பியதைச் சுருக்கி, அதன்மேல் மறுபடி பாடினார்கள். நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம், ஏறத்தாழ மூன்று வாரம். குரல் அடுக்குகள் சுமார் 180 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. மீண்டும் மீண்டும் ஓடியதில் நாடா தேய்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் ஊடுருவித் தெரிந்ததாம். எல்லையூர்ச் சபைகளில் நாற்பது பேர் நின்று எழுப்பும் ஒலியை மூவர் எழுப்பினார்கள். ஆனால் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று அமரும் விதி ஒன்றே. ஒவ்வொரு குரலுக்கும் தன் தனிப்பாதை, நான்கும் சேரும் இடத்தில் கார்டு. அந்தப் பாதைகளை மெர்க்குரி பியானோவில் வாசித்துக் காட்டி மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

5 நிமிடம் 55 விநாடி நீளத்தைக் கேட்டு ஒலித்தட்டு நிறுவனம் தயங்கியது. கேப்பிட்டல் ரேடியோவின் கென்னி எவரெட் ஒரு வார இறுதியில் பதினான்கு முறை ஒலிபரப்பினார். அக்டோபர் 31 அன்று வெளியான பாடல் ஒன்பது வாரம் பிரிட்டனில் முதலிடத்தில் இருந்தது.

4.4 சம்படி டு லவ்

மறு ஆண்டு வந்த இந்தப் பாடலை, ராப்சடியைவிட நேர்த்தியான படைப்பு என்று நான் மதிக்கிறேன். அரேதா ஃபிராங்க்ளினின் காஸ்பல் இசைமேல் மெர்க்குரிக்கு இருந்த பற்று இதில் வெளிப்படை. மூன்று மூன்றாக ஆடும் தாளத்தில் பியானோ சபை ஆர்மோனியம்போலக் கார்டுகளை ஊன்றி நடக்க, அதே மூவர் குரல் ஒரு கறுப்பினத் தேவாலயத்தின் பாடகர் குழுவாகிறது. ராப்சடியில் பகுதிகள் அடுத்தடுத்து நிற்கின்றன. இங்கே தனிக்குரலும் குழுவும் கேள்வியும் பதிலுமாக ஒன்றையொன்று தள்ளி வளர்க்கின்றன. நம்பிக்கை தளர்ந்தவனின் முறையீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை.

5. இருக்கையை விட்டு எழுந்தவர்

மேடையில் பியானோ அவருக்கு ஒரு தடையும் ஆனது. அமர்ந்தால் கூட்டத்தை ஆள முடியாது. அவர் சமகாலத்தவரான எல்டன் ஜான் பதினொரு வயதில் ராயல் அகாடமியில் இடம்பெற்று முறையாகக் கற்றவர். வாழ்நாள் முழுவதும் கருவியின் முன்னே இருந்தே மேடையை வென்றார். மெர்க்குரி தம்மைத் தேர்ந்த வாசிப்பாளராகக் கருதவே இல்லை. ராப்சடியை மேடையில் வாசிக்கும்போது பிசகிவிடுமோ என்ற பயம் அவருக்கு இருந்தது. 1982 முதல் குழு வெளியார் ஒருவரை விசைப்பலகைக்கு அழைத்தது: மார்கன் ஃபிஷர், ஃபிரெட் மேன்டல், 1984 முதல் ஸ்பைக் எட்னி. விடுபட்ட மெர்க்குரி அடியில்லாத அரை மைக் தண்டை ஏந்தி மேடை முழுக்க ஓடினார்.

பாடல்களும் பியானோவைத் தாண்டிச் சென்றன. 'லவ் ஆஃப் மை லைஃப்' ஆல்பத்தில் பியானோப் பாடல். மேடையில் மேயின் பன்னிரண்டு கம்பிக் கிட்டாருக்கு அது மாறியது. 1981-இல் தென்னமெரிக்க அரங்குகளில், ஆங்கிலம் வழங்காத ஊர்களில், லட்சக்கணக்கானோர் முழுப்பாடலையும் திருப்பிப் பாடினார்கள். 1986-இல் புடாபெஸ்டில் உள்ளங்கையில் எழுதிவைத்துக்கொண்டு ஒரு ஹங்கேரிய நாட்டுப்பாடலைப் பாடினார். தன் மொழியல்லாத மொழியில் பாடக் கூசாத இந்தக் குணத்தை, வீட்டில் குஜராத்தியும் பள்ளியில் ஆங்கிலமும் தெருவில் சுவாகிலியும் மராத்தியும் கேட்டு வளர்ந்த ஒருவரிடம் எதிர்பார்க்கலாம்.

இடையில் ஒரு கறையும் உண்டு. 1984-இல் நிறவெறித் தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டியில் குயின் வாசித்தது. கலைஞர்களின் புறக்கணிப்பை மீறிய அந்தச் செயலை நியாயப்படுத்த நான் முயலமாட்டேன். இனக் கலவரத்தில் வீடிழந்து வந்த ஒருவர் அந்த மேடையேறினார் என்பது அதை மேலும் கனமாக்குகிறது.

1985 ஜூலை 13, லைவ் எய்டு நிதிக் கச்சேரி. வெம்ப்ளியில் சுமார் 72,000 பேர்; குயினுக்குக் கிடைத்தது ஏறக்குறைய இருபது நிமிடம். அந்த நிகழ்ச்சியின் படத்தை மறுபடி பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அவர் ஓடிவந்து முதலில் அமர்வது பியானோவில்தான். ராப்சடியின் மெல்லிய பகுதியைத் தாமே வாசித்துப் பாடி, கூட்டத்தைக் கைக்குள் கொண்டுவந்த பின்பே எழுந்து 'ரேடியோ கா கா'வுக்குப் போகிறார். எல்லார் மனத்திலும் நிற்கும் அந்த எழுச்சிக்கு வாசல் விசைப்பலகை.

6. குரல் பற்றிச் சில

குரலைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2016-இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் அவர் பேட்டிகளையும் பாடல்களையும் அளந்தார்கள். பேச்சுக்குரலின் சராசரி சுமார் 117 ஹெர்ட்ஸ். அதாவது இயல்பில் அவர் பாரிட்டோன், பாடியதோ பெரும்பாலும் டெனர் எல்லையில். கமகம்போல நடுங்கும் வைப்ராட்டோவின் வேகம் விநாடிக்கு ஏழு அளவில், பாடகர்களிடம் பொதுவாகக் காணப்படுவதைவிட விரைவாக இருந்தது. கரகரப்பாக உரத்துப் பாடும் இடங்களில் குரல்நாணுக்கு மேலுள்ள மடிப்புகளும் சேர்ந்து அதிர்ந்திருக்கலாம் என்றும் கருதினார்கள். இவை இயற்கை தந்தவை. எந்த இடத்தில் அந்த உச்சத்தைச் செலவிடுவது என்ற தீர்ப்பு இசையமைப்பாளருடையது. அதை அவர் பியானோ முன் அமர்ந்து எடுத்தார்.

7. யாருக்கு உரியவர்

அவர் தம் இந்தியப் பிள்ளைப்பருவம் பற்றிப் பேட்டிகளில் அதிகம் பேசவில்லை. எழுபதுகளின் பிரிட்டனில் ஆசியர்மேல் தெருவில் நடந்த வன்முறையை நினைத்தால் அந்த மௌனத்தைக் குற்றமாக்க மனம் வரவில்லை. அவர் இறந்தபின் ஆங்கிலேயர், சான்சிபார்காரர், இந்தியர், பார்சி என்று உரிமை கோருவோர் பெருகினார்கள்.

எல்லையூர்க்காரருக்கு இந்த வழக்கு பழகியது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவை சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டிருந்த நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. கோடு விழுந்த மறுநாளும் குன்னத்துகாலின் வீடுகளில் தமிழும் மலையாளமும் ஒரே முற்றத்தில் பேசப்பட்டன. அப்படிப்பட்ட மண்ணில் நின்று பார்க்கையில், 'இவர் எந்த நாட்டவர்' என்பதைவிட 'எங்கே எதைக் கற்றார்' என்ற கேள்வி பயனுள்ளதாகப் படுகிறது. சான்சிபார் குடும்பத்தையும் சமய மரபையும் தந்தது. பஞ்சகனி கையைப் பழக்கியது. லண்டன் தோழர்களையும் ஒலிப்பதிவுக் கூடத்தையும் தந்தது. இம்மூன்றில் நடுவிலுள்ளதுதான் வரலாறுகளில் மிகக் குறைவாக ஆராயப்பட்டிருக்கிறது.

8. கடைசி ஆண்டுகள் (1986–1991)

1986 ஆகஸ்ட் 9 அன்று நெப்வொர்த்தில் மெர்க்குரி குயினோடு கடைசியாக மேடையேறினார். அடுத்த ஆண்டு எச்.ஐ.வி. தொற்று உறுதியானது. அந்நோய்க்குத் திறமான மருந்து வராத காலம் அது. தொற்றுற்றவரைச் சமூகமும் பத்திரிகையும் வேட்டையாடிய காலமும்கூட. அவர் வேலைக்குள் ஒதுங்கினார்.

ஸ்பானிய சோப்ரானோ மொன்செராட் கபாயேயுடன் செய்த 'பார்சிலோனா' 1988-இல் ஆல்பமாக வந்தது. பியானோவையும் கூட்டு இசையமைப்பையும் மைக் மோரனிடம் அவர் ஒப்படைத்தார். தம்மைவிடத் தேர்ந்த கை தேவைப்படும் வேலை என்று தெரிந்து விலகி நின்றார். ஓபராப் பாடகிகளுக்கு ராக்காரர் எழுதிய இசையில் இந்த அளவு முழுமனத்தோடு செய்யப்பட்டது வேறொன்று எனக்குத் தெரியவில்லை. தலைப்புப் பாடல் 1992 ஒலிம்பிக்கின்போது பிரிட்டனில் இரண்டாம் இடத்துக்கு உயர்ந்தது. அதைக் காண அவர் இல்லை.

1991 நவம்பர் 23 அன்று தமக்கு எய்ட்ஸ் என்று அறிக்கை விட்டார். மறுநாள் கென்சிங்டன் வீட்டில் நிமோனியாவால் இறந்தார், வயது நாற்பத்தைந்து. இறுதிச் சடங்கைச் சொராஷ்டிரிய மதகுருமார் நடத்தினார்கள். அடுத்த ஏப்ரலில் வெம்ப்ளியில் நடந்த அஞ்சலி நிகழ்ச்சியைத் தொடர்ந்து, அவர் பெயரில் தொடங்கிய அறக்கட்டளை எய்ட்ஸுக்கு எதிரான பணிக்கு நிதி வழங்கி வருகிறது. ராப்சடியைக் கட்டிய யமஹா பியானோ 2023-இல் லண்டன் ஏலத்தில் 17 லட்சம் பவுண்டுக்குமேல் விலைபோனது.

கடைசி மாதங்களில் சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரோவில், ஏரிக்கரையில் தங்கி, முடிந்தபோதெல்லாம் பதிவு செய்தார். அங்கே அவர் எழுதிய 'எ விண்டர்ஸ் டேல்' 1995-இல் 'மேட் இன் ஹெவன்' ஆல்பத்தில் வந்தது. அதில் மற்ற மூவரும் தங்கள் பகுதிகளை அவர் மறைவுக்குப் பிறகு சேர்த்தார்கள். விசைப்பலகை முதலில், கிட்டார் பின்னால்: ராக்ஃபீல்டில் 1975-இல் தொடங்கிய அதே வேலைமுறை.